தாழ்ப்பாள் போட்ட பிரிட்ஜ்

எங்கள் வீட்டு பிரிட்ஜ் செத்துப்போன அன்று அழுதது நான் ஒருத்திதான். அதுவும் பிரிட்ஜுக்காக அழவில்லை, அண்ணனுக்காக அழுதேன். அண்ணனுக்கு ஒரு குறையும் இல்லை. போடியில் ஏலக்காய்க் கடை, எல்லை தாண்டி மலைமேல் ஏலக்காய் காயவைக்கிற ஸ்டோர், வெள்ளைக் கார் என்று நன்றாகத்தான் இருக்கிறார். பிரிட்ஜ் செத்த சேதி அவர் காதுக்குப் போனால் என் கதி என்னாகும் என்று நினைத்துத்தான் அழுகை வந்தது.

என் கல்யாணத்துக்கு அண்ணன் செய்த சீர் அது. மயிலாடும்பாறையிலிருந்து சின்னமனூருக்கு ஒரு மினி லாரியில் பீரோவும் கட்டிலும் பித்தளை அண்டாவும் அதோடு சேர்ந்துதான் வந்தன. பீரோவைப் பற்றி அண்ணன் அதற்கப்புறம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. பிரிட்ஜை மட்டும் விடமாட்டார். கோயில் டியூப் லைட்டில் உபயதாரர் பேரைப் பெரிதாக எழுதி வெளிச்சத்தைப் பாதியாகக் குறைப்பார்கள் இல்லையா, அண்ணனுக்கும் அதே யோசனைதான். பைக்குக்கு ஸ்டிக்கர் வெட்டுகிற கடையில் சொல்லி, அந்த மெரூன் கலர் கதவில் தங்கக் கலர் எழுத்துகளை ஒவ்வொன்றாக வெட்டி ஒட்டவைத்திருந்தார். மேல் வரியில் ‘அண்ணன்’, கீழ் வரியில் ‘அன்பளிப்பு’. தண்ணீர் குடிக்கப் போகிறவர்கள் யார் தயவில் குடிக்கிறோம் என்பதை மறந்துவிடக்கூடாதல்லவா.

வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே அடுப்படிக்குத்தான் போவார். கதவைத் திறப்பார், உள்ளே குனிந்து பார்ப்பார், பக்கவாட்டில் கையை வைத்து லேசாக ஆட்டிப் பார்ப்பார். பிறகு, “ஓடுதா?” என்று கேட்பார். “நல்லா இருக்கியா” என்று என்னை ஒருநாளும் கேட்டதில்லை. பிரிட்ஜ் ஓடினால் தங்கச்சியும் ஓடிக்கொண்டிருப்பாள் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கு பெரும்பாலும் சரியாகத்தான் இருந்தது.

என் வீட்டுக்காரர் ஆண்டிபட்டிப் பக்கம் ஒரு நூல் மில்லில் ஃபிட்டராக இருந்தார். மில்லை மூடிவிட்டார்கள். நான் நர்சரிப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஆனா ஆவன்னா சொல்லிக்கொடுத்து வாங்குகிற சம்பளத்தில் வீடு நடந்தது. அவர் வேலை தேடுகிறேன் என்று செல்போனில் வீடியோ தேடினார். அந்தச் சமயத்தில்தான் அண்ணன் பெரிய மனது பண்ணி, மலைமேல் ஸ்டோருக்கு மாப்பிள்ளையை சூப்பர்வைசராகப் போடுகிறேன் என்று சொன்னார். அந்த ஸ்டோரை நான் பார்த்திருக்கிறேன். அங்கே சூப்பர்வைசர் வேலை என்பது, முதலாளி வந்தால் எழுந்து நிற்பது, போனால் உட்காருவது. நடுவில் ஏலக்காய் தானாகக் காய்ந்துகொள்ளும்.

இவர் வரமாட்டேன் என்று சொல்லவில்லை. வருகிறேன் என்றும் சொல்லவில்லை. “பாக்கலாம் மச்சான்” என்றார். அண்ணனுக்கு அந்த பதில் ஒரு வருகிறேன்தான். இவர் அங்கே போனால், அண்ணன் வீட்டு விசேஷத்தில் என் புருஷன் பந்தியில் உட்காருவாரா, இல்லை வாளியைத் தூக்கிக்கொண்டு பரிமாறுவாரா என்று எனக்கே தெரியாமல் போய்விடும். அண்ணன் வேண்டுமென்றே அவமானப்படுத்தமாட்டார். வேண்டுமென்றே செய்யாமலே அதைச் செய்யத் தெரிந்தவர் அவர். அதனால் இவருக்கு ஏதாவது ஒரு வேலை, எந்த வேலையாக இருந்தாலும் சரி, இங்கேயே அமைந்துவிட வேண்டும் என்று நான் கும்பிடாத சாமி இல்லை.

சாமி செல்போன் வழியாக வந்தார். இரும்புக்கு பெயிண்ட் அடிக்காமல் பவுடர் அடிக்கிற தொழில் ஒன்று இருக்கிறதாம். ஒரு துப்பாக்கி மாதிரி சாமானிலிருந்து கலர் பவுடர் புஸ்ஸென்று வரும். கரண்டின் மாயத்தில் அது இரும்பில் போய் ஒட்டிக்கொள்ளும். அப்படியே தூக்கிப் பெரிய அடுப்புப் பெட்டிக்குள் தொங்கவிட்டு வேகவைத்தால் பவுடர் உருகிப் படிந்து கண்ணாடி மாதிரி ஆகிவிடும். ஆணி வைத்துக் கீறினாலும் போகாது. ஆனால் வேகிறதுக்கு முன்னால் விரல் பட்டால் போதும், முகப்பவுடர் மாதிரி கையோடு வந்துவிடும். இதையெல்லாம் எனக்கு அவர் விளக்கிய விதத்தைப் பார்த்திருந்தால், தானே கண்டுபிடித்தது என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள்.

துப்பாக்கியைக் கோயம்புத்தூரில் பழசாக வாங்கிவிட்டார். அடுப்புப் பெட்டி வாங்க வழியில்லை. அந்த நேரம் பார்த்து பிரிட்ஜ் மண்டையைப் போட்டது. மெக்கானிக் வந்து பின்னால் தட்டிப் பார்த்து, “கம்ப்ரசர் போயிருச்சுக்கா. இதுக்குப் புதுசே வாங்கிறலாம்” என்றார். நான் அண்ணன் முகத்தை நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன், என் வீட்டுக்காரர் முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். எங்கள் கல்யாணத்தன்று எடுத்த போட்டோவில்கூட அந்தப் பிரகாசம் இல்லை.

“இந்தா பாரு, இது என்னது?” என்றார்.

“செத்துப்போன பிரிட்ஜு.”

“குளுர உள்ள வச்சுக்கிட்ட பொட்டி, சூட்ட வச்சுக்கிறாதா?”

அந்த மெக்கானிக்கை வைத்தே கேஸையும் கம்ப்ரசரையும் கழற்றி எடுத்தார். பிரிட்ஜ் கொல்லைப்புறத்து ஷெட்டுக்குப் போனது. உள்ளே இருந்த வெள்ளை பிளாஸ்டிக்கை உரித்தார். அதற்குப் பின்னால் இருந்த மஞ்சள் நுரையைச் சுரண்டினார். அது சூட்டில் பற்றிக்கொள்ளுமாம். சுரண்டிய நுரை காற்றில் பறந்து துவைத்துப் போட்ட துணியெல்லாம் போய் உட்கார்ந்தது. தெருவில் பாதிப்பேர் அன்றைக்கு மஞ்சள் பூத்துத்தான் திரிந்தார்கள். நுரை இருந்த இடத்தில் பாறைப் பஞ்சு என்று தீப்பிடிக்காத ஒன்றை அடைத்து, தகரம் அடித்து, அடியில் ஹீட்டர் காயில்களைப் பொருத்தி, சூடு தாண்டினால் தானாக அணைகிற ஒரு சாமானையும் மாட்டினார். முட்டை வைக்கிற தட்டை மட்டும் என்னிடம் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். அதை வைத்து நான் என்ன செய்வதென்று இன்றுவரை தெரியவில்லை.

முதல் முறை சூடேற்றியபோது கதவு ஓரத்து ரப்பரைக் கழற்ற மறந்துவிட்டார். அது உருகி ஒழுகி ஒரு நாற்றம் கிளம்பியது பாருங்கள், அடுத்த தெருவிலிருந்து செத்த வீடா என்று விசாரித்து வந்தார்கள். ரப்பர் போனதும் கதவு மூடிக்கொள்ள மறுத்தது. வெளியே ஒரு தாழ்ப்பாள் வைத்தார். பிரிட்ஜுக்கு வெளித்தாழ்ப்பாள் போட்டிருப்பதைப் பார்த்த பக்கத்து வீட்டு அக்கா, “உள்ள இருந்து என்னடி ஓடப்போகுது?” என்று கேட்டார். அவருக்குக் கோபம் உண்டு. எத்தனை வருஷமாக அவர் வீட்டு மாவும் மல்லிகைப்பூவும் எங்கள் பிரிட்ஜில்தான் இருந்தன. இதற்காகவே அவர் போய் சொந்தமாக ஒன்று வாங்கவேண்டியதாயிற்று.

அதே முதல் சூட்டில் இன்னொன்றும் நடந்தது. கதவில் ஒட்டியிருந்த தங்க எழுத்துகளில் கீழ் வரியின் முதல் இரண்டு எழுத்து பிரிந்து சுருண்டு விழுந்துவிட்டது. அக்கா வீட்டுப் பேத்தி, என்னிடம் படிக்கிற பிள்ளை, எழுத்துக்கூட்டிச் சத்தமாக வாசித்தாள்: “அண்ணன் பளிப்பு.” எங்கள் ஊரில் நாக்கைத் துருத்திப் பழிப்புக் காட்டுவதை அப்படித்தான் சொல்வோம். ழகரத்துக்கு நாக்கை மடிக்கிற வழக்கமெல்லாம் இங்கே பள்ளிக்கூடத்தோடு சரி. நான் சிரித்துத் தொலைத்துவிட்டேன். பிறகு பயம் வந்து, ஒரு பழைய சேலையைக் கொண்டுவந்து கதவை மூடிவைத்தேன். சூடேற்றும்போது மட்டும் சேலையை எடுக்கவேண்டும் என்று இவர் உத்தரவு.

சோதனைக்கு முதலில் பலியானது என் ஜல்லிக்கரண்டி. கறுப்பாக, அம்மை போட்ட மாதிரிக் கொப்புளத்தோடு வெளியே வந்தது. அடுத்து அரிவாள்மனை தவிர வீட்டில் இருந்த இரும்பெல்லாம் ஒரு சுற்று உள்ளே போய்வந்தன. அவர் சூட்டைக் கூட்டுவதும் குறைப்பதும், மெயின் ட்ரிப்பாகி நான் பாதி அரைத்த சட்னியோடு நிற்பதுமாகக் கொஞ்ச காலம் போனது. அப்புறம் ஒருநாள் என் தோசைத்திருப்பி கண்ணாடி மாதிரி வந்தது. முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம். தோசை திருப்பத்தான் பயம்.

இவர் இந்த வேகவைப்பதை ‘பேக் பண்றது’ என்பார். தொழிலுக்கு ‘பேக்கிங்’. வீடியோக்காரன் சொல்லிக்கொடுத்த வார்த்தை. இந்தப் பள்ளத்தாக்கில் பேக்கிங் என்றால் என்ன அர்த்தம் என்று அவர் யோசிக்கவே இல்லை. இங்கே திராட்சை வெட்டினால் பேக்கிங், ஏலக்காய் வந்தால் பேக்கிங். காகிதத் துருவல் போட்டு அட்டைப் பெட்டியில் அடுக்கிக் கேரளாவுக்கு அனுப்புவதற்குத்தான் அந்தப் பேர். என் வீட்டுக்காரர் பேக்கிங் ஆரம்பித்திருக்கிறார் என்று தெருவில் பரவியதும், திராட்சைத் தோட்டத்து வேலைக்குப் போகிற பெண்கள் கூட்டமாக வந்து வாசலில் நின்றார்கள். “ஏத்தா, எங்களையும் பேக்கிங்குல சேத்துக்கிறச் சொல்லு. நாங்க சுத்தமா பண்ணுவோம்” என்றார்கள். ஷெட்டைக் காட்டினேன். ஆளுயரப் பிரிட்ஜும் தாழ்ப்பாளும் துப்பாக்கியும் பார்த்துவிட்டு, வந்த வழியே போய்விட்டார்கள். அப்போதே இந்த வார்த்தையை மாற்றச் சொல்லியிருக்கலாம். எனக்கும் அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

கடைசியில் தேனியில் ஒரு பைக் ஒர்க்‌ஷாப்காரர் இறங்கிவந்தார். ஒரு வண்டியின் சாமானைக் கொடுக்கிறேன், ஒழுங்காகச் செய்து கொண்டுவந்தால் இனி என் கடையில் வருகிற வண்டியெல்லாம் உங்களுக்குத்தான், சொதப்பினால் இந்தப் பக்கமே வராதீர்கள் என்றார். வண்டிக்காரப் பையனுக்கு வீரபாண்டித் திருவிழாவுக்கு அதை ஓட்டிக்கொண்டு போய் ஆற்றங்கரையில் நிறுத்தியாகவேண்டும். அம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கிற கூட்டம் திரும்பிப் பார்த்தால்தான் அவனுக்குத் திருவிழா முடிந்த மாதிரி. அதனால் சாமான் மூன்றாம் நாள் காலையில் கடையில் இருக்கவேண்டும். அண்ணனும் அந்த வாரம்தான் கெடு வைத்திருந்தார். திங்கட்கிழமை மலைக்கு ஜீப் போகிறது, மாப்பிள்ளை ஏறவேண்டும் என்று போனில் சொல்லிவிட்டார். ஆக, என் புருஷன் பந்தியில் உட்காருவதும் வாளி தூக்குவதும் ஒரு பைக்கின் ரிம்மிலும் செயின் கவரிலும் வந்து நின்றது.

சாமான் வந்த மறுநாள், எனக்குக் கோடை லீவு. காலையிலேயே அவர் பவுடர் அடித்து முடித்து, எல்லாவற்றையும் ஷெட்டில் கம்பி கோத்து வரிசையாகத் தொங்கவிட்டார். பிரிட்ஜை ஆன் பண்ணப் போனார். கரண்ட் போய்விட்டது. மாதாந்திர ஷட்டவுன். முதல்நாளே பேப்பரைப் பார்த்து நான் சத்தமாக வாசித்திருந்தேன். அவர் “ம்” கொட்டினார். என் வீட்டுக்காரரின் ‘ம்’ என்பது காதுக்கும் வாய்க்கும் நடுவில் நடக்கிற ஒரு காரியம், அதில் மூளைக்குச் சம்பந்தம் கிடையாது.

கரண்ட் வரும்வரை சும்மா இருப்பானேன் என்று, ஒர்க்‌ஷாப்காரர் கூப்பிட்டதால் தேனிக்குக் கிளம்பிவிட்டார். போகும்போது, “ஷெட்டுக்குள்ள பூனகூடப் போகக்கூடாது” என்றார். பூனை போகவில்லை.

அவர் தலை மறைந்து கொஞ்ச நேரத்தில் வெள்ளைக் கார் வந்து நின்றது. அண்ணன் ஒரு பலாப்பழத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். சொல்லிவிட்டு வருகிற பழக்கமெல்லாம் சீர் செய்தவர்களுக்குக் கிடையாது. செருப்பைக் கழற்றினார், நேரே அடுப்படிக்குப் போனார். பிரிட்ஜ் இருந்த இடத்தில் அரிசி டிரம் இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“பிரிட்ஜ் எங்க?”

“பின்னாடி ஷெட்ல வச்சிருக்குண்ணே. இங்கன எடம் பத்தல.”

“ஓடுதா?”

“ஓடுதுண்ணே. இப்ப கரண்டு இல்ல.”

ஷட்டவுனுக்கு நான் அதுவரை அவ்வளவு நன்றி சொன்னதில்லை. பக்கத்து வீட்டு அக்காவிடம் ஓடி ஒரு பாட்டில் ஜில் தண்ணீர் வாங்கி வந்து கொடுத்தேன். அண்ணன் குடித்துவிட்டு, “கரண்டு இல்லாமயே என்னா குளுச்சி. அன்னைக்கே சொன்னேன்ல, நல்ல கம்பெனின்னு” என்றார். பிறகு காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, மாப்பிள்ளைக்கு மலையில் தங்க ரூம் ஒழித்தாயிற்று, கம்பளி வாங்கியாயிற்று, மலையாளம் தானாக வந்துவிடும் என்று சொல்லிக்கொண்டே போனார். கம்பளி வாங்கிவிட்டார் என்றதும் எழுந்துவிட்டேன். நான் கோழியைக் கழுவப் போனேன்.

சாயங்காலம்தான் வரும் என்று போட்டிருந்த கரண்ட் மதியமே வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து இவர் போன். என் கையெல்லாம் கோழி மசாலா. ஒரு விரலால் அமுக்கி ஸ்பீக்கரில் போட்டேன்.

“கரண்டு வந்துருச்சா?”

“இப்பத்தான் வந்துச்சு.”

“நான் வர நேரமாகும். ஷெட்ல தொங்குதுல்ல, அம்புட்டையும் பேக் பண்ணிரு. காலைல மொதல் வேலையா கடையில குடுக்கணும்.”

அடுத்து அவர் பொட்டியைப் பற்றிப் பேசுவார் என்று எனக்குத் தெரியும். கூடத்தில் அண்ணன் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். சட்டென்று ஸ்பீக்கரை அணைத்துப் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டேன். “பொட்டி நல்லா சூடேறுனதும் உள்ள மாட்டு. கம்பியப் புடிச்சுத் தூக்கு, சாமான்ல கை பட்டா கெட்டுச்சு” என்றெல்லாம் அவர் சொன்னது என் காதோடு நின்றது. அண்ணன் காதுக்குப் போனது பேக் பண்ணிரு வரைக்கும்தான்.

கரண்ட் இருக்கும்போதே தேங்காயை அரைத்துவிட்டுப் போவோம் என்று மிக்ஸியைப் போட்டேன். அது சின்ன மிக்ஸி. இரண்டு தடவை போட்டு எடுத்து, குழம்பைக் கூட்டி, அடுப்பைக் குறைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தால் அண்ணன் இல்லை. கொல்லைக் கதவு திறந்திருந்தது.

ஷெட்டில் அண்ணன், சாமான் கொண்டுபோக இவர் வாங்கிவைத்திருந்த திராட்சைப் பெட்டிகளில் ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். முன்னால் இன்னும் சில பெட்டிகள், எல்லாம் காகிதத் துருவல் போட்டு நிரப்பி, பிளாஸ்டிக் கயிறு போட்டுக் கட்டியாயிற்று. கடைசிப் பெட்டிக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். ஏலக்காய் மூட்டையைக் கட்டிக் கட்டிப் பழகிய கை. லாரி உருண்டாலும் அந்த முடிச்சு அவிழாது. பக்கத்தில் ஒரு துணி கிடந்தது. துணி முழுக்கக் கறுப்பு.

“என்னா ஆத்தா இம்புட்டுத் தூசியோட தொங்கவிட்ருக்காரு? ஒண்ணொண்ணாத் தொடச்சு வச்சிருக்கேன். குடுக்குற சாமானச் சுத்தமாக் குடுக்கவேணாமா?” என்றார்.

அந்தத் துணியை எடுத்துப் பார்த்தேன். எங்கிருந்தோ ஒரு கோபம் வந்தது. என் வீட்டுக்காரரையும் அவர் பவுடரையும் நான்தான் இத்தனை நாளாகக் கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தேன். அந்த உரிமை எனக்கு இருந்தது. இன்னொருத்தர் அதைத் துணியால் துடைத்ததும் தாங்கமுடியவில்லை.

“அது தூசி இல்லண்ணே. அதுதான் அவுக வேல.”

அண்ணனுக்குப் புரியவில்லை. “அவருதான பேக் பண்ணச் சொன்னாரு?”

“இந்த பேக்கு இல்ல. வேகவைக்கிற பேக்கு. அப்பத்தான் அந்தப் பவுடரு ஒட்டும்.”

“இரும்ப வேகவைக்கிறதா? எதுல?”

நான் சொல்லத் தேவையே இல்லை. ஷெட்டில் அந்த உயரத்துக்கு, சேலை கட்டிக்கொண்டு, இடுப்பில் தாழ்ப்பாளோடு நின்றது ஒன்றுதான். அண்ணன் எழுந்துபோய் சேலையை விலக்கினார். கதவை வாசித்தார். எழுத்துக்கூட்டவில்லை, ஆனால் பிள்ளை எடுத்துக்கொண்ட நேரம் அவருக்கும் ஆனது. தாழ்ப்பாளை நீக்கினார். திறந்தார். உள்ளே குனிந்து தகரத்தையும் காயில்களையும் பார்த்தார். பக்கவாட்டில் கையை வைத்து லேசாக ஆட்டினார்.

“ஓடுதா?” என்றார்.

“ஓடுதுண்ணே.”

திரும்ப வந்து அதே திராட்சைப் பெட்டியில் உட்கார்ந்துவிட்டார். சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. நானும் சாப்பிடவில்லை. கோழிக்குழம்பு அது பாட்டுக்கு ஆறிக்கொண்டிருந்தது. நான் போன் பண்ணி இவரிடம், “வாங்க” என்று மட்டும் சொன்னேன். வந்து தெரிந்துகொள்ளட்டும், வண்டி ஓட்டுகிற மனிதரிடம் எதற்கு என்று.

இவர் வந்தார். ஷெட் வாசலில் நின்று கம்பிகளைப் பார்த்தார், வெறும் கம்பி. பெட்டிகளைப் பார்த்தார், துணியைப் பார்த்தார். அப்போதுதான் அது நடந்தது. பெட்டிமேல் உட்கார்ந்திருந்த என் அண்ணன், இவரைப் பார்த்ததும் எழுந்து நின்றார். பிள்ளைகள் எழுந்திருப்பது மாதிரி, வேட்டியைச் சரிபண்ணிக்கொண்டு, கை இரண்டையும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். என் கல்யாணமானதிலிருந்து அவர் இவருக்காக எழுந்து நான் பார்த்ததில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்கவேண்டும். அழுகைதான் வந்தது.

இவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் மூன்று பேருக்கும் நன்றாக இருந்திருக்கும். “பரவால்ல மச்சான், உக்காருங்க” என்றார். முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார், அவிழவில்லை. அரிவாள்மனை எடுத்துவரச் சொல்லி அறுத்தார். ஒவ்வொரு சாமானையும் கழுவி, காயவைத்து, மறுபடி கம்பியில் கோத்துத் தொங்கவிட்டார். பவுடர் டப்பாவைக் குலுக்கிப் பார்த்தார். அடியில்தான் கிடந்தது. இன்னொரு டப்பா வேண்டுமென்றால் கோயம்புத்தூரிலிருந்து பார்சல் வரவேண்டும்.

மிச்சம் பிடித்து மிச்சம் பிடித்து அடித்தார். செயின் கவருக்கு வரும்போது துப்பாக்கி வெறும் காற்றைத்தான் துப்பியது. இருந்தாலும் பவுடர் எல்லாவற்றிலும் படிந்துவிட்டது. பிரிட்ஜுக்குள்ளே மாட்டத் தொடங்கினார். அண்ணனால் சும்மா நிற்கமுடியவில்லை. மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை. அதற்குப் பதில் ஒரு கை பிடிப்பார். செயின் கவரைக் கம்பியோடு தூக்கி நீட்டினார். அது லேசாகச் சுழன்றது. சுழலாமல் பிடிக்க, அனிச்சையாகக் கட்டைவிரலை வைத்துவிட்டார்.

விரலை எடுத்ததும் அந்த இடத்தில் வெள்ளையாக இரும்பு தெரிந்தது. மூன்று பேரும் பார்த்தோம். டப்பா காலி என்பதும் மூன்று பேருக்கும் தெரியும். இவர் அதை வாங்கி உள்ளே மாட்டிவிட்டுத் தாழ்ப்பாளைப் போட்டார்.

வெந்து ஆறி வெளியே எடுத்தபோது ரிம்மில் ஷெட்டு பல்பு முழுசாகத் தெரிந்தது. அண்ணன் அதில் தன் முகத்தைப் பார்த்தார், தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அடிபொளி” என்றார். பிரமாதம் என்பதற்கு மலையில் கற்ற மலையாள வார்த்தை, வாய் தவறி வந்துவிட்டது. உடனே முகத்தைச் சரிபண்ணிக்கொண்டார். கிளம்பும்போது கார் கதவைப் பிடித்துக்கொண்டு, இவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, “ஸ்டோருக்கு வேற ஆளப் பாத்துக்கிறேன். கம்பளி ஒண்ணும் கெட்டுப்போகாது” என்றார்.

மறுநாள் ஒர்க்‌ஷாப்காரர் எல்லாவற்றையும் வெயிலில் வைத்துப் பார்த்து எடுத்துக்கொண்டார். செயின் கவரை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டார். “இதுல யாரோ கைநாட்டு வச்சிருக்காக” என்றாராம். வேறு கவர் மாட்டிக்கொள்கிறேன், அடுத்த வண்டிச் சாமானை எடுத்துப் போங்கள் என்று சொல்லியிருக்கிறார். எங்கள் பழைய பைக்கும் அதே மாடல்தான். இவர் அந்தக் கவரைத் தன் வண்டியில் மாட்டிக்கொண்டார்.

“சொரண்டிட்டு மறுபடி அடிச்சா என்ன, அரை மணி நேர வேலதான?” என்று நான் கேட்டேன்.

“அரை மணி நேரம்கூட ஆகாது” என்றார். ஆனால் சுரண்டவில்லை.

திருவிழா முடிந்து அண்ணன் வந்தார். செருப்பைக் கழற்றவில்லை. அடுப்படிக்கும் போகவில்லை. வாசலில் நின்ற பைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தார். செயின் கவரில் அந்த இடத்தைக் கண்டுபிடித்து, கட்டைவிரலை அதன்மேல் வைத்துப் பார்த்தார். கச்சிதமாகப் பொருந்தியது. இவர் ஷெட்டிலிருந்து கை துடைத்துக்கொண்டே வந்தார்.

“மாப்ள, இத அழிக்கமுடியாதா?”

நான் நிலைப்படியில் நின்று இவர் முகத்தையே பார்த்தேன். இவர் நிதானமாகத் துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

“முடியாது மச்சான். பேக் ஆயிருச்சு.”